சதமடிக்கும் வெயில், கணக்கில் வராத காற்று

மார்ச் பிறந்ததும் நம் நாளிதழ்களில் வெயில் மட்டை பிடிக்கத் தொடங்கிவிடுகிறது. ‘வேலூரில் வெயில் சதம்’, ‘பத்து ஊர்களில் சதமடித்தது வெயில்’ என்று தலைப்புகள். பாரன்ஹீட்டில் நூறு என்பது செல்சியஸில் 37.8. வானிலைத் துறை செல்சியஸுக்கு மாறிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் மட்டும் நாம் பாரன்ஹீட்டை விடாமல் வைத்திருக்கிறோம். காய்ச்சலுக்கு மருத்துவர்களின் பழக்கம் காரணமாக இருக்கலாம். வெயிலுக்கு, ‘சதம்’ என்ற சொல்லின் கவர்ச்சியைத் தவிர வேறு காரணம் புலப்படவில்லை. ஓர் ஊர் தொடர்ந்து பத்து நாள் சதமடித்தால் அந்த ஊர்க்காரர்களுக்கே ஒரு பெருமிதம் வந்துவிடுவதை வேலூரில் பார்த்திருக்கிறேன். திருத்தணி நம்மை முந்திவிட்டது என்று தேநீர்க் கடையில் ஒருவர் வருத்தப்பட்டார். வியர்வையைத் துடைத்துக்கொண்டேதான் வருத்தப்பட்டார்.

இந்தப் போட்டியைக் கேலி செய்வது என் நோக்கமன்று. வானிலை ஆர்வலன் என்று சொல்லிக்கொள்கிற எவனுக்கும் எண்களின் மீது ஒரு மோகம் உண்டு. மாடியில் ஒரு மழைமானி, வெள்ளையடித்த மரப்பெட்டி ஒன்றுக்குள் இரண்டு வெப்பமானிகள், ஒரு நீள நோட்டு, இவைதாம் என் கருவிகள். வெப்பமானியை வெட்டவெளியில் வைத்தால் அது காற்றின் வெப்பத்தை அளக்காது. தன்மீது விழும் வெயிலைத்தான் அளக்கும். ஆகவே காற்று புகுந்து புறப்படும்படி சாய்வுப் பலகைகள் அடித்த பெட்டிக்குள், தரையிலிருந்து நான்கடிக்குச் சற்று மேலே, அதை வைக்க வேண்டும். இதற்கு உலகெங்கும் ஸ்டீவன்சன் பெட்டி என்று பெயர். வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் ஸ்காட்லாந்தின் கலங்கரை விளக்கப் பொறியாளர். ‘புதையல் தீவு’ எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை. இலக்கிய நண்பர்களிடம் என் பெட்டியை அறிமுகப்படுத்தும்போது இந்தச் செய்தியைத்தான் முதலில் சொல்வது வழக்கம். அதற்குப் பிறகாவது சற்று நேரம் நின்று கேட்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது இது. கோடையில் அரசும் செய்தித்தாளும் என்னைப் போன்ற ஆர்வலர்களும் அளப்பதற்கு எளிதானவற்றையே அளந்துகொண்டிருக்கிறோம். பகலின் உச்ச வெப்பம் ஒன்று, பெய்த மழையின் மில்லிமீட்டர் இன்னொன்று. ஆனால் கோடையில் மனிதரை வீழ்த்துபவை பெரும்பாலும் வேறு. விடியும் வரை இறங்காத வெப்பம், காற்றிலுள்ள ஈரம், மழைக்கு முன்னால் வரும் சூறை, மின்னல். இவற்றுக்கு நம் நோட்டுகளில் கட்டமே கிடையாது. கட்டம் இல்லாத துன்பத்துக்குச் சான்றிதழ் கிடைப்பதில்லை. சான்றிதழ் இல்லாமல் இந்த நாட்டில் எதுதான் கிடைக்கும்?

முதலில் வெப்ப அலை என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தொலைக்காட்சியில் நாள்தோறும் கேட்கும் சொல். இந்திய வானிலைத் துறை இதற்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது. சமவெளியில் உச்ச வெப்பம் குறைந்தது 40 டிகிரியைத் தொட வேண்டும். அதோடு, அந்த ஊரின் அந்த நாளுக்குரிய வழக்கமான அளவைவிட நான்கரை டிகிரியேனும் கூடியிருக்க வேண்டும். கடலோரமானால் 37 டிகிரியும் அதே நான்கரை டிகிரி மிகுதியும். மலைப்பகுதிக்கு 30 டிகிரி. இவை பொருந்தாவிட்டாலும் வெப்பம் 45 டிகிரியை எட்டிவிட்டால் அதுவே போதும். வானிலை வட்டாரம் ஒன்றில் குறைந்தது இரண்டு நிலையங்களில், தொடர்ந்து இரண்டு நாள் இப்படி இருந்தால், இரண்டாம் நாள் வெப்ப அலை என்று அறிவிப்பார்கள்.

இதை வேலூரில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். மே மாதத்தில் இங்கே சராசரி உச்சமே 39 டிகிரியை ஒட்டியது. அதற்கு மேல் நான்கரை என்றால் நாற்பத்து மூன்றரை. நாற்பத்தோரு டிகிரி வெயில் இரண்டு வாரம் விடாமல் காய்ந்தாலும் வரையறைப்படி அது வெப்ப அலை ஆகாது. வழக்கமான கோடை, அவ்வளவுதான். எப்போதும் சூடாக இருக்கிற ஊருக்கு வெப்ப அலை எளிதில் வாய்ப்பதில்லை என்பது விசித்திரமான உண்மை. நாள்தோறும் அடிவாங்குகிறவனுக்கு அடி புதிதல்ல, ஆகவே அது அடியல்ல என்பது போன்ற தர்க்கம் இது.

மலையில் வேறொரு விசித்திரம். 2024 ஏப்ரல் இறுதியில் உதகமண்டலத்தில் 29 டிகிரி பதிவாயிற்று. வழக்கத்தைவிட ஐந்து டிகிரி அளவுக்கு மிகுதி. அங்கே அளக்கத் தொடங்கிய காலம் முதல் காணாத எண் என்று செய்திகள் வந்தன. ஆனால் மலைக்குரிய வாசற்படி 30. ஒரு டிகிரி குறைந்துபோனதால் அந்த நாள் உதகையின் கணக்கில் வெப்ப அலை ஆகாது. வேலூருக்கு மிகுதி போதவில்லை, உதகைக்கு உச்சம் போதவில்லை.

விலகலை வைத்து வரையறுப்பதில் அறிவியல் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மனித உடல் தான் வாழும் இடத்தின் வெப்பத்துக்குப் பழகிக்கொள்கிறது என்பது உண்மை. ஸ்ரீநகரில் 37 டிகிரி செய்யும் தீங்கை வேலூரில் அது செய்யாது. ஆனால் இந்தப் பழக்கம் என்பதில் உடல் மட்டும் இல்லை. விடியற்காலையில் ஏர் பூட்டிப் பத்து மணிக்கு அவிழ்த்துவிடுவது பழக்கத்தின் ஒரு பகுதி. கேழ்வரகுக் கூழும் மோரும் நுங்கும் இன்னொரு பகுதி. கீற்றுக் கூரை, திண்ணை, வாசலில் வேம்பு, இரவில் வெளியில் கயிற்றுக் கட்டில், இவையும்தான். இவற்றில் கூழ் இன்னும் வண்டிகளில் கிடைக்கிறது. மற்றவை ஏறக்குறையப் போய்விட்டன. ஒப்பந்த வேலைக்குச் செல்பவர் காலை ஒன்பது மணிக்குத்தான் தொடங்க முடியும். நண்பகலில் அவர் விரும்பினாலும் நிறுத்த முடியாது. பழகிய உடல் இருக்கிறது; பழக உதவிய வாழ்க்கை இல்லை. விலகல் கணக்கோ பழைய வாழ்க்கையும் உடன் இருப்பதாக எண்ணிக்கொண்டு நடக்கிறது.

(இவ்விடத்தில் சிறு கிளைக்கதை. நம் இலக்கணப் பெரும்பொழுதுகளில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும்தான் முதுவேனில். என் நோட்டைப் பார்த்தால் இது தலைகீழ். கத்திரி வெயில் முழுவதும் சித்திரைக் கடைசியிலும் வைகாசியிலும் விழுகிறது; ஆடியில் வேலூரில் மாலை மழை வந்துவிடுகிறது. முன்னோர் தவறாகச் சொன்னார்கள் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. விண்மீன்களை வைத்துக் கணிக்கும் நம் மாதங்கள், பருவங்களைவிட்டு ஏறத்தாழ எழுபத்தோர் ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் நகர்ந்துகொண்டிருக்கின்றன. சித்திரை முதல் நாள் பகலும் இரவும் சமமான நாளில் விழுந்த காலம் ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்னால். அன்றைய ஆனி இன்றைய மே இருபதுகளில் பிறந்திருக்கும். அப்படிப் பார்த்தால் முதுவேனில் கொஞ்சமேனும் தன் இடத்துக்கு வந்து சேர்கிறது. பாலைக்கு நண்பகலைச் சிறுபொழுதாக வைத்தவர்கள் வெயிலை வீட்டுக்குள்ளிருந்து பார்த்தவர்களாக இருக்க முடியாது.)

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவரின் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம். வரவேற்க வேண்டிய முடிவு. இந்தியாவில் பல மாநிலங்கள் இதைச் செய்யத் தயங்கின. ஆனால் நிவாரணத்தின் வாசலில் நிற்கும் சொல் ‘வெப்ப அலை’. குடியாத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கல் உடைப்பவர் நாற்பத்தோரு டிகிரி நாளில் மயங்கி விழுந்து இறந்தால், அன்று வெப்ப அலை இருந்ததா என்ற கேள்விக்கு அலுவலகக் கோப்பு என்ன விடை தரும்? வெயிலில் இறப்பவர்களில் பெரும்பாலோரின் மரணக் காரணம் மாரடைப்பு என்றோ சிறுநீரகக் கோளாறு என்றோதான் எழுதப்படுகிறது. எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. கடைசியில் நின்றது இதயம்தான்.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அகமதாபாதில் 2010 மே மாதம் கடும் வெப்பம் வந்துபோன பின்னர், ஆய்வாளர்கள் மரணச் சான்றிதழ்களில் வெயில் என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. அந்த மாதத்தின் மொத்த மரணங்களை, அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளின் மே மாதங்களோடு ஒப்பிட்டார்கள். 1,344 பேர் வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்திருந்தார்கள். அந்தக் கணக்கின் வெளிச்சத்தில் 2013இல் அந்த நகரம் தனக்கென வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்துக்கொண்டது. அதில் எச்சரிக்கைக்கான எல்லை டெல்லியின் பொது வரையறையிலிருந்து வந்ததன்று. எத்தனை டிகிரியில் அந்த ஊரில் மரணங்கள் கூடத் தொடங்குகின்றன என்பதிலிருந்து வந்தது. வேலூருக்கு அந்த எண் எது? ஈரோட்டுக்கு? கரூருக்கு? மரணப் பதிவேடுகள் ஒவ்வொரு நகராட்சியிலும் இருக்கின்றன. வெப்பப் பதிவுகள் நுங்கம்பாக்கத்தில் இருக்கின்றன. சென்னை வானாய்வகம் 1792இல் நிறுவப்பட்டது; 1796 முதல் அங்கே வானிலைக் குறிப்புகள் எடுக்கப்பட்டன. இருநூறு ஆண்டுக்கும் மேலாக வெயிலை எழுதிவைத்திருக்கிற மாநிலத்தில் இந்த இரண்டு ஏடுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பெரிய காரியமாக இருக்கக் கூடாது.

இனி ஈரம். என் பெட்டிக்குள் இரண்டு வெப்பமானிகள் என்றேன். ஒன்றின் குமிழ் உலர்ந்தது. மற்றதன் குமிழில் நனைந்த மெல்லிய துணி சுற்றியிருக்கும். துணியின் நீர் ஆவியாகும்போது வெப்பம் குறையும். காற்று உலர்ந்திருந்தால் வெகுவாகக் குறையும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அதிகம் குறையாது. வியர்க்கும் மனித உடலும் இந்த ஈரத்துணி சுற்றிய குமிழும் ஒன்றுதான். ஆகவே நாம் படும் பாட்டைச் சொல்வது உலர்ந்த குமிழைவிட இந்த ஈரக்குமிழ்தான். வேலூரில் 41 டிகிரி, ஈரப்பதம் 25 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரக்குமிழ் ஏறத்தாழ 25 காட்டும். சென்னையில் 35 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 70 விழுக்காடு. ஈரக்குமிழ் 30 காட்டும். செய்தித்தாளின்படி அன்று வேலூர் சதமடித்தது, சென்னைக்கு ஓட்டமே இல்லை. உண்மையில் அன்று வெளியில் நின்று மூட்டை தூக்குகிறவருக்குச் சென்னையே கொடியது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். கடற்காற்று மாலையில் வந்து ஈரத்தைக் கொட்டிவிட்டு அசைவற்று நின்றுபோன எத்தனையோ சாதாரண இரவுகளை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

இரவைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். கான்கிரீட் கூரை பகல் முழுவதும் குடித்த வெப்பத்தை இரவு முழுவதும் வீட்டுக்குள் உமிழ்கிறது. மே மாதத்தில் இரவு பதினொரு மணிக்கு மொட்டை மாடித் தளத்தில் வெறுங்காலுடன் நடந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். தகரமும் கல்நாரும் பகலில் கொல்லும், இரவில் விரைவில் ஆறிவிடும். கான்கிரீட் பகலில் பொறுத்துக்கொண்டு இரவில் பழிவாங்கும். பகலில் களைத்த உடல் இரவில் ஆறினால்தான் மறுநாள் வெயிலைத் தாங்கும். ஆறாமல் நான்கைந்து இரவு போனால் அதற்குப் பிறகு பகல் 38 டிகிரியே போதுமானது. வானிலைத் துறையில் ‘வெப்ப இரவு’ என்று ஒரு வகை உண்டு. ஆனால் அதற்கும் பகல் உச்சம் 40 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பகலில் 38, இரவில் 31 என்று வேகும் கடலோர ஊர் இந்தப் பட்டியலிலும் சேராது.

எங்கள் பக்கத்தில் பெண்கள் பீடி சுற்றுவார்கள். மடியில் முறம், முறத்தில் புகையிலைத் தூள். மின்விசிறி போட்டால் தூள் பறந்துவிடும் என்பதற்காக அதை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி, ஆகவே பகலில் விட்டதை இரவில் சுற்றியாக வேண்டும். இவர்கள் வெயிலில் வேலை செய்பவர்கள் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் வருவதில்லை. நிழலில்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்! நண்பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வெளியில் வராதீர்கள் என்ற அறிவுரையை ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டே அவர்கள் வீட்டுக்குள் வேகிறார்கள்.

சரி, வெயிலை விட்டுக் காற்றுக்கு வருவோம். கோடை மழை என்றால் மகிழ்ச்சி என்று நமக்குப் பழக்கப்பட்டுவிட்டது. மண்வாசனை, தேநீர், பக்கோடா, ஒரு கவிதை. எனக்கும் கோடை இடி பிடிக்கும். மேற்கே ஏலகிரி, ஜவ்வாது மலைகளின் மேல் மூன்று மணிக்குக் காலிப்பூப் போல எழும் மேகம், நான்கு மணிக்குப் பட்டறைக்கல் போலத் தலை பரப்பும்போது ஏற்படும் பரவசத்தை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த மேகம் செங்கல் சூளைக்காரருக்கு என்னவென்று கேட்க வேண்டும். கோடைதான் அவருக்குப் பருவம். அறுத்துக் காயவைத்த பச்சைக்கல் அரைமணி நேர மழையில் மறுபடியும் சேறு. மாந்தோப்புக்காரருக்கு, பூக்கும் பருவத்துக்குப் பின் வரும் சிறு மழை வேண்டும். அதற்கு மாஞ்சாரல் என்று அழகான பெயர்கூட இருக்கிறது. அதே மழை காற்றோடு வந்தால் பிஞ்சும் காயும் தரையில்.

வாழைக்காரர் நிலைதான் மிகவும் மோசம். வாழைத்தண்டு மரமன்று, இலைக் காம்புகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு நிற்கும் பொய்த்தண்டு. தலையில் தார் கனக்கும்போது அதன் நிலைமை, தூங்கும் குழந்தையைத் தோளில் சுமந்துகொண்டு ஒற்றைக் காலில் நிற்பவரின் நிலைமை. அதனால்தான் சவுக்குக் கழியால் முட்டுக் கொடுக்கிறார்கள். ஏக்கருக்கு ஏறத்தாழ ஆயிரம் வாழை, பத்துப் பன்னிரண்டு மாத உழைப்பு, தார் வெட்டும் தறுவாயில் பத்து நிமிடக் காற்று. ஏப்ரல், மே மாதச் செய்தித்தாள்களின் மாவட்டப் பக்கத்தில் ‘சூறைக்காற்றில் வாழைகள் சாய்ந்தன’ என்ற செய்தி, ஊர்ப் பெயர் மட்டும் மாறி, ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. குடியாத்தம், சத்தியமங்கலம், தேனி, களக்காடு.

அப்படி ஒரு மாலைக்கு மறுநாள், எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் வந்து கேட்டார். “தம்பி, உங்க டப்பாவுல நேத்து எவ்ளோ விழுந்திச்சு?” டப்பா என்றது மழைமானியை. இரண்டு மில்லிமீட்டர் என்றேன். “அவ்ளோதானா? ஐந்நூறு வாழ படுத்துப் போச்சுப்பா.”

அந்த இரண்டு மில்லிமீட்டருக்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் முக்கியமானது. இடிமேகத்திலிருந்து இறங்கும் மழைத்துளி, கீழே உலர்ந்து கொதித்துக் கிடக்கும் காற்றுக்குள் விழுகிறது. பாதி வழியில் ஆவியாகிறது. ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று கனம் கூடிக் கல் போல விழுகிறது. தரையில் மோதி நாலாபுறமும் சிதறுகிறது. மழைக்கு முன்னால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வருகிற அந்தக் காற்று இதுதான். ஆக, கீழ்க்காற்று எவ்வளவு உலர்ந்திருக்கிறதோ அந்த அளவுக்கு மழை குறையும், சூறை கூடும். வாழைக்கு மிகக் கொடிய நாளில் மழைமானி மிகக் குறைவாகக் காட்டுவது தற்செயல் அன்று. இந்தியாவில் ‘மழை நாள்’ என்று கணக்கிட ஒரு நாளில் இரண்டரை மில்லிமீட்டரேனும் பெய்திருக்க வேண்டும். பெரியவரின் தோட்டம் படுத்த அந்த நாள், புள்ளிவிவரத்தில் மழை நாள்கூட இல்லை.

காற்றின் வேகம் எங்காவது பதிவாகியிருக்குமா? காற்றுமானியைத் தடையில்லாத வெளியில் பத்து மீட்டர் உயரத்தில் நிறுத்த வேண்டும். அவை மாவட்டத்துக்கு ஒன்றிரண்டு இருந்தாலே அதிகம். சூறையோ சில கிலோமீட்டர் அகலத்துக்குள் வந்துபோய்விடும். ரேடார் இருக்கிறதே என்பார்கள். சென்னைத் துறைமுகத்தில் 2002இல் டாப்ளர் ரேடார் வந்த பிறகுதான் எங்களைப் போன்றவர்களின் உலகமே திறந்தது. மேகம் எங்கே எழுகிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று வீட்டிலிருந்தே பார்க்க முடிந்தது. தமிழில் வானிலை எழுதும் ஆர்வலர்களின் கூட்டம் பெருகியதற்கு அந்தப் படங்கள் பெரிய காரணம். ஆனால் பூமி வளைந்தது. சென்னையிலிருந்து அரை டிகிரி சாய்வில் புறப்படும் கதிர், 130 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வேலூருக்கு வரும்போது தரைக்கு மேல் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். மேகத்தின் வயிறு தெரியும். வாழையின் கழுத்து தெரியாது. பயிர்ச்சேதம் 33 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நிவாரணம் (2015க்கு முன்னால் ஐம்பது விழுக்காடு). அதை மதிப்பிட வருகிற அலுவலரிடம் அன்று அடித்த காற்று இவ்வளவு என்று காட்டப் பெரியவரிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. சாய்ந்த வாழைகளைத்தான் காட்ட வேண்டும். அலுவலர் வருவதற்குள் அவை அழுகத் தொடங்கிவிடும்.

மின்னலைப் பற்றி ஒரு பத்தி. இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்னலால் இறக்கின்றனர். ஆடு மேய்ப்பவர், களை பறிப்பவர், நூறு நாள் வேலைக்குப் போனவர், மரத்தடியில் ஒதுங்கியவர். புனேயின் வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் ‘தாமினி’ என்று ஒரு செயலியே செய்து வைத்திருக்கிறது. நல்ல கருவி. ஆடு மேய்ப்பவரின் கையில் அதைப் பார்க்கும் தொலைபேசி இருக்க வேண்டும், காட்டில் அலைவரிசை இருக்க வேண்டும். இவை இல்லாதவருக்கு எண்ணத் தெரிந்தால் போதும். மின்னல் கண்டதிலிருந்து இடி கேட்கும் வரை முப்பது எண்ணுவதற்குள் வந்துவிட்டால் மேகம் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்த மின்னல் தலைமேலும் விழலாம். மரத்தைவிட்டு விலகி, கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். வானிலைத் துறையின் பழைய நிலையங்களில் ‘இடி நாள்’ என்று ஒரு கணக்கு உண்டு. அதற்குக் கருவி இல்லை. நிலையத்தில் இருந்த மனிதர் காதால் இடியைக் கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது தானியங்கி நிலையங்கள் பெருகிவருகின்றன. மிகத் துல்லியமானவை. காதுதான் இல்லை.

இந்தக் காது விஷயத்தை விரித்துப் பார்த்தால் ஆர்வலர்கள் செய்யக்கூடியது ஒன்று தெரிகிறது. இன்று நாம் செய்வதெல்லாம் வானிலைத் துறைக்குப் போட்டியாக நாளைய மழையைச் சொல்வது. அதில் சிலர் கெட்டிக்காரர்கள்தாம். ஆனால் முன்னறிவிப்பைவிடப் பின்பதிவுக்குத்தான் ஆள் இல்லை. எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று தேதியிட்டு எழுதிவைக்க ஊருக்கு ஒருவர் வேண்டும். அதற்குக் காற்றுமானி வாங்க வேண்டியதில்லை. பிரான்சிஸ் பியூபோர்ட் என்ற கடற்படை அதிகாரி 1805இல் காற்றைக் கருவியின்றிப் பாய்களின் நிலையை வைத்தே பன்னிரண்டு படிகளாகப் பிரித்தார். நூறாண்டு கழித்து, 1906இல், ஜார்ஜ் சிம்ப்சன் என்பவர் அதைத் தரைக்குப் பொருத்தினார். புகை சாய்ந்தால் இந்தப் படி, கிளை அசைந்தால் இந்தப் படி, குடை பிடிக்க முடியாவிட்டால் இந்தப் படி என்று. அதே ஆண்டில்தான் அவர் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். பிறகு சிம்லாவில் இடிமழையின் மின்சாரத்தை ஆராய்ந்தார். அவருடைய மரங்கள் இங்கிலாந்தின் மரங்கள். அவருடைய அளவுகோலில் வாழை இல்லை, பனை இல்லை, தகரக் கூரை இல்லை.

நான் என் நோட்டில் இந்தக் கோடை முதல் ஒரு படிவரிசை வைத்திருக்கிறேன். வாழையிலை கிழிபடாமல் ஆடுவது ஒன்று. இலை நார்நாராகக் கிழிவது இரண்டு. முட்டுக் கொடுக்காத, தார் தள்ளிய வாழை சாய்வது மூன்று. முட்டோடு சாய்வதும் தென்னையின் பச்சை மட்டை விழுவதும் நான்கு. தகரம் பறப்பதும் வேம்பின் பெருங்கிளை முறிவதும் ஐந்து. பனை முறிவதற்கு ஒரு படி ஒதுக்கியிருக்கிறேன். இதுவரை எழுத நேரவில்லை. பக்கத்தில் மேலும் இரண்டு கட்டங்கள்: இரவு பதினொரு மணிக்கு ஈரக்குமிழ் காட்டுவது, விடியற்காலை ஐந்து மணிக்கு அது காட்டுவது. தேனி, ஈரோடு, களக்காட்டு நண்பர்கள் அவரவர் ஊருக்கு ஏற்ப இதைத் திருத்திக்கொள்ளலாம். வாழை இல்லாத ஊர்களில் முருங்கையை வைத்துக்கொள்வது நல்லது. அது எல்லாக் கொல்லைகளிலும் நிற்கிறது, எல்லாவற்றுக்கும் முன்னால் முறிகிறது.